வெளிநாட்டு மருத்துவப் படிப்பு - ஒரு வரலாற்றுப் பார்வை

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். முந்திரித் தோப்பும் பலா மரமுமாக இருக்கும் செம்மண் பூமி. இந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்து, நீட் தேர்வில் அரசு இடத்துக்குக் கொஞ்சம் குறைந்து போனால், வீட்டில் அடுத்து வரும் பேச்சு ஒன்றுதான். உள்ளூரில் தனியார் கல்லூரியா? இல்லை ரஷ்யா, ஜார்ஜியா என்று அனுப்பி விடலாமா? எத்தனை காணி விற்க வேண்டியிருக்கும்?

கணக்கு எப்போதும் கட்டணத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதில் தப்பில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். படிக்க வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். பல வெளிநாடுகளில் ஆறு வருடப் படிப்பும் அதைப் போல ஒன்றிரண்டு மடங்கில் முடிந்துவிடுகிறது. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த ஆறு வருடத்தில் பிள்ளை எத்தனை நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும்? எத்தனை பிரசவம் பார்க்கும்? நோயாளி சொல்வது அதற்குப் புரியுமா? விளம்பரத் தாளில் இந்தக் கேள்விகளுக்கு இடம் கிடையாது.

இது இன்று முளைத்த கேள்வி அல்ல. ஏறக்குறைய இருநூறு வருடங்களாக மருத்துவக் கல்வியின் வரலாறே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

கடலூருக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாடு

ஒரு காலத்தில் கடலூர்க்காரர்களுக்கு வெளிநாடு என்பது கூப்பிடு தூரத்தில் இருந்தது. பாண்டிச்சேரி 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். அங்கே 1823-லேயே அவர்கள் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். கல்கத்தா மருத்துவக் கல்லூரியும், பின்னாளில் சென்னை மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியும் தொடங்கியது 1835-ல்தான்.

அந்தப் பிரெஞ்சுப் பள்ளியின் வழியில் வந்ததுதான் இன்றைய ஜிப்மர். சுதந்திரத்துக்குப் பின் 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-ல் ஜிப்மர் ஆனது. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் பெரிய நோய் என்றால் இன்றும் "ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். அங்கே எம்.பி.பி.எஸ். மாணவர் கட்டுவது வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். ஆனால் விடிவதற்கு முன்பே புறநோயாளிகள் வரிசை தொடங்கிவிடும். கட்டணம் கூடினால் பயிற்சியும் கூடும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே போதும்.

1845: கப்பல் ஏறிய நால்வர்

மருத்துவம் படிக்க இந்தியாவிலிருந்து முதலில் கடல் தாண்டியவர்களில் முக்கியமானவர்கள் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நான்கு மாணவர்கள். 1845-ல் பேராசிரியர் குட்ஈவ் அவர்களோடு லண்டனுக்குக் கப்பல் ஏறினார்கள். வங்காளத்தின் பெரும் செல்வந்தரான துவாரகாநாத் தாகூர் (கவி தாகூரின் தாத்தா) இரண்டு பேரின் செலவை ஏற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் கடல் தாண்டுவது சாதி விலக்குக்கு உரிய குற்றம். அதையும் மீறிப் போனார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் ஒன்றும் தெரியாமல் போகவில்லை. பிணத்தை அறுத்துப் படிப்பதையும் நோயாளிகளைப் பார்ப்பதையும் கல்கத்தாவிலேயே பழகியிருந்தார்கள். லண்டன் அவர்களுக்கு மேல்படிப்பு. அடித்தளம் சொந்த ஊரின் வார்டில் போடப்பட்டது.

மானிப்பாயில் தமிழில் மருத்துவம்

இதே காலத்தில் இதற்கு நேர் எதிரான பயணம் ஒன்றும் நடந்தது. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் கிரீன் 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை வைத்து, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைநாட்டு மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில் நடத்திய வகுப்பைப் பிறகு தமிழுக்கு மாற்றினார். அதற்காகப் பாடப் புத்தகங்களைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையிலும் இறங்கினார். அவரிடம் பயின்று மருத்துவர் ஆனவர்கள் அறுபது பேருக்கு மேல்.

நோயாளி தமிழில்தான் "நெஞ்சு கரிக்குது", "கண்ணு இருட்டிட்டு வருது" என்பார். நோயாளியின் மொழி தெரியாத மருத்துவருக்குப் பாதி நோய் காதிலேயே விழாது. பாடம் எந்த மொழியில் நடக்கிறது என்பதைவிட நோயாளி எந்த மொழியில் பேசுகிறார் என்பதை முக்கியமாக நினைத்தவர் கிரீன். இந்த விஷயம் பின்னால் மறுபடியும் வரும்.

வார்டு இல்லாத மருத்துவப் பள்ளி

லண்டனில் 1874-ல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆசிரியர்கள் இருந்தார்கள், மாணவிகளும் இருந்தார்கள். ஆனால் லண்டனில் இருந்த பெரிய மருத்துவமனைகள் எதுவும் அந்த மாணவிகளை வார்டுக்குள் விட சம்மதிக்கவில்லை! நோயாளியைப் பார்க்காமல் தேர்வும் எழுத முடியாது, பட்டமும் வாங்க முடியாது. பள்ளியை மூட வேண்டிய நிலை வந்தது. கடைசியில் 1877-ல் ராயல் ஃப்ரீ மருத்துவமனை கதவைத் திறந்துவிட்டது. அதற்கும் பள்ளி தன் பங்குக்குப் பணம் தர உறுதி கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. சென்னையில் வசித்த மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவரோடு இன்னும் மூன்று பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். லண்டனில் பெண்களுக்கு வார்டுக் கதவு மூடியிருந்த அதே வருடங்களில் சென்னையில் அவர்கள் நோயாளிகளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஷார்லிப் அதன் பிறகுதான் லண்டனுக்குப் போய் 1882-ல் பட்டம் பெற்றார். அடுத்த வருடமே சென்னை திரும்பினார். திருவல்லிக்கேணியில் இன்றும் இயங்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, 1885-ல் அவர் முயற்சியில் தொடங்கிய மகளிர் மருத்துவமனையிலிருந்து வந்ததுதான்.

ஒரு மருத்துவப் பள்ளியின் கட்டடம், ஆசிரியர், ஊர்ப் பெருமை எல்லாம் சரியாக இருந்தும் வார்டு இல்லையென்றால் அது பாதிப் பள்ளிதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

155 கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்த மனிதர்

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரிகள் பெட்டிக்கடை போலத்தான் இருந்தன. சில மருத்துவர்கள் சேர்ந்து ஒரு கட்டடம் பிடிப்பார்கள், கட்டணம் வாங்குவார்கள், லாபத்தைப் பிரித்துக்கொள்வார்கள். பல இடங்களில் மருத்துவமனையே கிடையாது. மாணவர் நோயாளியைத் தொடாமலேயே மருத்துவர் ஆகிவிடலாம்.

ஆப்ரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி 1910-ல் ஒரு அறிக்கை வெளியிட்டார். இத்தனைக்கும் அவர் மருத்துவர் இல்லை, பள்ளி ஆசிரியராக இருந்தவர்! ஆய்வுக்கூடம் எப்படி இருக்கிறது, எத்தனை படுக்கைகள் இருக்கின்றன, அந்தப் படுக்கைகளில் உள்ள நோயாளிகளைப் பார்க்க மாணவர்களுக்கு உரிமை உண்டா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டார். அவர் கண்ணுக்கு மாதிரியாகத் தெரிந்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அங்கே வில்லியம் ஆஸ்லர் மாணவர்களை வகுப்பறையிலிருந்து வார்டுக்கு அழைத்துப் போய், நோயாளியின் கட்டில் ஓரத்தில் பாடம் நடத்திக் காட்டியிருந்தார். ஃப்ளெக்ஸ்னரின் அறிக்கைக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ஏராளமான கல்லூரிகள் மூடப்பட்டன அல்லது வேறு கல்லூரிகளோடு இணைந்தன. கறுப்பின மாணவர்களுக்காக இருந்த ஏழு கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டது இதன் இன்னொரு பக்கம். தரம் உயர்ந்தது. ஆனால் ஏழைக்கும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் கதவு குறுகியது. தரத்தையும் செலவையும் ஒரே தராசில் வைப்பது எவ்வளவு சிரமம் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

1930: நமது பட்டம் செல்லாது என்றார்கள்

இன்று வெளிநாட்டுப் பட்டத்தை இந்தியா சந்தேகமாகப் பார்க்கிறது. ஒரு காலத்தில் இந்தியப் பட்டத்தைப் பிரிட்டன் அப்படிப் பார்த்தது.

1920-களில் லண்டனில் இருந்த பொது மருத்துவக் குழு இந்திய மருத்துவக் கல்லூரிகள் மீது ஒரு குறை சொன்னது. மாணவர்களுக்குப் பிரசவம் பார்க்கும் பயிற்சி போதவில்லை என்பதே அது. ஒவ்வொரு மாணவரும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிரசவங்களை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. நம் பெண்கள் அந்த நாளில் மருத்துவமனைக்கு வந்து பிரசவம் பார்த்துக்கொள்வது குறைவு. மருத்துவச்சிதான் வீட்டுக்கு வருவார். அதனால் மாணவர்களுக்கு எண்ணிக்கை சேரவில்லை. இழுபறிக்குப் பிறகு 1930-ல் இந்தியப் பட்டங்களை ஏற்பதை அந்தக் குழு நிறுத்தியது. இந்தியா முழுவதற்கும் பொதுவாகத் தரத்தை ஆய்வு செய்யும் அமைப்பு இல்லை என்பதையும் காரணமாகக் காட்டினார்கள்.

தேசிய இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம் அது. பலருக்கு இது அவமானமாகப் பட்டது. அதில் ஆளும் நாட்டின் அகந்தை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதன் விளைவாக ஒரு நல்லது நடந்தது. 1933-ல் இந்திய மருத்துவக் குழுச் சட்டம் வந்தது. கல்லூரிகளின் தரத்தை நாமே அளக்கத் தொடங்கினோம். (1975-ல் பிரிட்டன் மறுபடியும் இந்தியப் பட்டங்களை நேரடியாக ஏற்பதை நிறுத்தி, தனித் தேர்வு வைத்தது.)

மாஸ்கோவும் அதன் பிறகும்

சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டு மருத்துவப் படிப்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வந்தது சோவியத் நாடு. 1960-ல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்காகவே ஏற்பட்ட நிறுவனம். அடுத்த வருடம் அதற்கு லுமும்பாவின் பெயர் வைத்தார்கள். கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் சிலரும் போக முடிந்தது.

அங்கே போனவர்கள் முதலில் ரஷ்ய மொழி படித்தாக வேண்டும். அதன் பிறகுதான் மருத்துவம். ஒரு வருடம் வீண் என்று அப்போது பலர் அலுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வருடம்தான் வார்டில் அவர்களுக்குச் சாவியாக இருந்தது. ரஷ்யப் பாட்டி வயிற்று வலியைச் சொன்னால் அவர்களுக்குப் புரிந்தது.

1991-ல் சோவியத் நாடு சிதறியது. பல்கலைக்கழகங்களுக்கு அரசுப் பணம் குறைந்தது. வெளிநாட்டு மாணவர் வருமானத்துக்கு ஒரு வழியானார். இங்கே அதே காலத்தில் நன்கொடைக் கல்லூரிகள் பெருகின. தமிழ்நாடு 1992-ல் நன்கொடைத் தடைச் சட்டம் கொண்டு வந்தது. உச்ச நீதிமன்றம் 1992-லும் 1993-லும் கட்டணக் கொள்ளை பற்றிப் பெரிய தீர்ப்புகள் தந்தது. ஆனாலும் இடம் குறைவு, ஆசை அதிகம். இந்த இடைவெளியில் ஏஜென்ட்கள் நுழைந்தார்கள். "ஆங்கிலத்திலேயே படிக்கலாம், ரஷ்ய மொழி தேவையில்லை" என்பது அவர்களின் பெரிய கவர்ச்சி ஆயிற்று. வகுப்பறை ஆங்கிலம் ஆனது உண்மை. ஆனால் நோயாளி ஆங்கிலத்துக்கு மாறவில்லையே! வார்டில் மாணவர் பின்வரிசையில் நின்று வேடிக்கை பார்க்கும் நிலை பல இடங்களில் வந்தது. மானிப்பாயில் கிரீன் தீர்த்து வைத்த பிரச்சினை இது.

300 கேள்விகள்

2001-ல் இந்திய மருத்துவக் குழுச் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டில் படித்த இந்தியர்கள் இங்கே பதிவு செய்ய ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றார்கள். 2002-ல் தேர்வு தொடங்கியது. 300 கேள்விகளில் 150 சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலான தேர்வுகளில் எழுதியவர்களில் நான்கில் ஒருவர்கூடத் தேறவில்லை.

இதை வைத்து வெளிநாட்டில் படித்தவர் எல்லாம் மோசம் என்று முடிவு கட்டுவது நியாயம் இல்லை. அப்படிப் படித்துத் தேறி வந்து, கிராமங்களில் நல்ல பெயரோடு வைத்தியம் பார்ப்பவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். மேலும் இது எழுத்துத் தேர்வு. நாடி பிடித்துப் பார்க்கத் தெரியுமா என்று இது கேட்பதில்லை. ஆனால் ஒன்றைக் காட்டுகிறது. குளிர் நாட்டில் படித்தவருக்குப் பாம்புக்கடியும், பூச்சிமருந்து குடித்தவரும், டெங்குவும் புத்தகப் பாடம் மட்டுமே. கடலூர் மாவட்டத்து அவசரப் பிரிவில் இவைதான் இரவு நேரத்தில் வந்து நிற்கும்.

சிதம்பரத்தில் நடந்தது

உள்ளூர் என்றால் எல்லாம் நேராக இருந்ததா? அதுவும் இல்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. பணச் சிக்கலில் மாட்டிய பல்கலைக்கழகத்தை 2013-ல் தமிழக அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகும் எம்.பி.பி.எஸ். கட்டணம் வருடத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் இருந்தது. அரசு நடத்தும் கல்லூரியில் அரசுக் கட்டணம் இல்லையா என்று மாணவர்கள் கேட்டார்கள். 2020 டிசம்பரில் தொடங்கிய போராட்டம் 50 நாட்களுக்கு மேல் நீடித்தது. 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. கட்டணம் 13,610 ரூபாய் என்று ஆனது.

இங்கே யோசிக்க வேண்டியது இது. கட்டணம் 5 லட்சமாக இருந்த நாளிலும் 13,610 ஆன நாளிலும் அதே வார்டு, அதே நோயாளிகள், அதே ஆசிரியர்கள். பயிற்சியின் விலை கட்டணத்தில் எழுதியிருக்கவில்லை. மாறியது யார் உள்ளே வர முடியும் என்பது மட்டும்தான்.

கணினித் திரையில் நோயாளி தெரிவதில்லை

2020-ல் கொரோனா வந்தபோது சீனாவில் படித்த இந்திய மாணவர்கள் ஊர் திரும்பினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அங்கே திரும்பப் போக முடியவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. அங்கிருந்த ஆயிரக்கணக்கான மாணவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டினார்கள். இருவருக்கும் கிடைத்தது ஆன்லைன் வகுப்பு. கட்டணம் மட்டும் கட்ட வேண்டியிருந்தது, வார்டு இல்லை. லண்டன் மாணவிகளின் 1874 நிலைமை மறுபடி வந்தது போல! 2023-ல் உச்ச நீதிமன்றம் இறுதியாண்டு மாணவர்களுக்கு இங்கேயே தேர்வு எழுத இரண்டு வாய்ப்புகள் வழங்கியது. கூடுதல் காலம் பயிற்சி மருத்துவராக வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது.

அதற்கு முன்பே, 2021 நவம்பரில், தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை அறிவித்திருந்தது. படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். இந்தியா வந்து இன்னொரு 12 மாதம். படித்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதி இருக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். இதில் கடைசி விதி ஒரு விசித்திரம். வகுப்பறை மொழியைக் கேட்கிறது, வார்டு மொழியைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் குடும்பங்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு கணக்குகள்

முதல் கணக்கு செலவு. கட்டணம் மட்டும் செலவு ஆகாது. விடுதி, சாப்பாடு, விமானம், ஊர் திரும்பிய பின் தகுதித் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு, தேறும் வரை சம்பளம் இல்லாத மாதங்கள், கடன் வட்டி எல்லாம் சேர வேண்டும். டாலர் விலையும் ஒரு செலவு. 2010-ல் 45 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2022-ல் 80 ரூபாயைத் தாண்டியது. பாதிப் படிப்பில் ரூபாய் சரிந்தால் விற்ற காணி போதாது.

இரண்டாவது கணக்கு வார்டு. இந்தியாவில் 100 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கு 420 படுக்கைகள் வேண்டும் என்று 2023 விதி சொல்கிறது. 150 மாணவர்கள் என்றால் 605. வெளிநாட்டுக் கல்லூரியிடமும் இதையே கேட்கலாம். மருத்துவமனை கல்லூரியின் சொந்தமா, வேறு எங்காவது ஒப்பந்தமா? எத்தனை படுக்கை, எத்தனை மாணவர்? மாணவர் கை வைத்து எதைச் செய்யலாம், எதைப் பார்க்க மட்டும் செய்யலாம்? நோயாளியின் மொழி எத்தனை மாதம் சொல்லித் தரப்படுகிறது? அங்கே ஏற்கெனவே படிக்கும் சீனியர் மாணவர் ஒருவரிடம், "போன வாரம் எத்தனை நோயாளிகளிடம் நீங்களே பேசினீர்கள்?" என்று கேட்டால் ஏஜென்ட் காட்டும் படப் புத்தகத்தைவிட அதிகம் தெரிந்துவிடும். உள்ளூர்த் தனியார் கல்லூரியில் சேரும் முன்பும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அங்கேயும் காலிப் படுக்கைகள் உண்டு.

முதல் கணக்கில் தவறினால் தோப்பு போகும். அது ஒரு குடும்பத்தின் நஷ்டம். இரண்டாவது கணக்கில் தவறினால் அந்த நஷ்டம், பத்து வருடம் கழித்து நள்ளிரவில் பாம்புக்கடியோடு தூக்கிக்கொண்டு வரப்படும் யாரோ ஒருவரின் தலையில் விழும். அவருக்குக் கட்டணம் எவ்வளவு என்று தெரியாது, எந்த நாட்டுப் பட்டம் என்றும் தெரியாது. எதிரே நிற்கும் மருத்துவர் இதற்கு முன் இப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறாரா என்பதுதான் அவருக்கு முக்கியம்.